உச்சநேரமே அளவுகோல்
இரயில்வேயின் தட்கல் முன்பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் தொடங்குவதை அறிந்த எவரும், அதைத் தாங்கும் கணினியின் சக்தியை அன்றாடச் சராசரியைக் கொண்டு நிர்ணயிப்பது அபாயம் என்பதை உணர்வர். காத்திருப்பே இல்லாதபோது சராசரியாக 1 வினாடியில் முடியும் பரிவர்த்தனை, கோரிக்கைகள் ஒழுங்கின்றி வந்து சேரும் கணினி தன் சக்தியில் பாதியளவு உழைக்கையில் 2 வினாடியாகவும், 90 சதவீதம் உழைக்கையில் 10 வினாடியாகவும் நீளுமென வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரம் காட்டுவதால், ‘சும்மா கிடக்கிறதே’ என்று சிக்கனக்காரர் வருந்தும் உபரி சக்தி விரயமன்று, அவசியமே. மேலும், ஒரே படுக்கையை இருவருக்கு விற்றுவிடாதபடி கணினி அந்தப் படுக்கைக்கான பதிவைக் கணநேரம் பூட்டி வைக்கிறது. எத்தனை இயந்திரங்கள் இருந்தாலும், ஏனையோர் அங்கே காத்து நிற்கிறார்கள். அந்தப் பூட்டின் கால அளவை ஆராயாமல் புது இயந்திரங்களை வாங்கிக் குவிப்பது வீண் செலவு என்பதே என் துணிபு.