ஓலைக் காப்பிலிருந்து மின்கோப்பு வரை

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதை நம் எல்லாருக்கும் தெரியும். பக்தர்கள் அதில் இறைவனைப் பார்ப்பார்கள். நாற்பது வருஷம் பேரேட்டோடு மாரடித்த என் போன்றவனுக்கு அது ஒரு சிவில் வழக்கு. மணப்பந்தலுக்குக் கிழவர் கொண்டுவந்த அடிமை ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்று கிழவர் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் எடுத்து வைக்கிறார். சபையார் சும்மா நம்பிவிடவில்லை. பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, ஒத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. மூலம், நகல், பதிவறை மூன்றும் அங்கேயே வந்துவிட்டன. இன்றைக்குக் கம்ப்யூட்டர் வழி வழக்காடும்போதும் கேள்வி இந்த மூன்றைப் பற்றித்தான்.

நம் ஐதராபாத்தில் மூசிக்கரை உயர்நீதிமன்றக் கட்டடம் 1920-இல் திறந்தது. 2009 ஆகஸ்ட் 31-இல் அங்கே தீப்பிடித்து, நூலகத்து அரிய நூல்கள் பல கருகிப் போயின. காகிதம் என்றால் தீ, ஈரம், கரையான் கூடவே வரும். இவற்றைவிடப் பொல்லாதது, "கட்டு காணோம்" என்ற சொல். எனக்கு வரவேண்டிய ஒரு பாக்கி வழக்கில் (எந்தக் கோர்ட் என்பது வேண்டாம்) இந்தச் சொல்லாலேயே மூன்று வாய்தா போயிற்று. எதிராளிக்கு அது வட்டியில்லாக் கடன்!

அதே உயர்நீதிமன்றத்தில்தான் 2016 ஜூலை 17 அன்று நாட்டின் முதல் 'ஈ-கோர்ட்' என்ற பெயரோடு காகிதமில்லா நீதிமன்றம் தொடங்கியது. அப்போது ஆந்திரத்துக்கும் சேர்த்து ஒரே உயர்நீதிமன்றம். 2019 ஜனவரி 1 முதல் தனித்தனி. 2023 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புக்கொண்ட மூன்றாம் கட்டத் திட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய். அதில் 2,038 கோடி பழைய கட்டுகளை ஸ்கேன் செய்து பாதுகாப்பதற்கே.

வழக்குத் தொடுத்ததும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று தருவார்கள். முதல் நான்கு எழுத்தும் மாநிலம், மாவட்டம். அடுத்த இரண்டு இலக்கம் எந்த நீதிமன்றம். பிறகு ஆறு இலக்க வரிசை எண். கடைசி நான்கு வருஷம். இதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் தட்டினால் அடுத்த வாய்தா தேதியும், ஏற்றப்பட்ட உத்தரவுகளும் வீட்டிலிருந்தே தெரியும். குமாஸ்தாவுக்கு டீக்காசு மிச்சம். மனுவை பிடிஎஃப் ஆக ஏற்றி, மின் கையொப்பமிட்டு, கோர்ட் கட்டணத்தையும் அப்படியே கட்டலாம். நமக்குக் கைவராது என்றால் நீதிமன்ற வளாகத்து ஈ-சேவா கேந்திரத்தில் உதவி உண்டு. ஆனால் ஒன்று: ஸ்கேன் ஏற்றியாயிற்று என்று அசல் ரோக்காவைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதுதான் மூல ஓலை. கோர்ட் கேட்டால் காட்டியாக வேண்டும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதீய சாட்சியச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி, முறையாக எழுதிவந்த கணக்கு, கம்ப்யூட்டரில் இருந்தாலும், சாட்சியமாகும். ஆனால் அது மட்டும் வைத்து ஒருவர் தலையில் கடனைச் சுமத்த முடியாது. பில், சரக்கு வாங்கிய கையெழுத்து, வங்கி வரவு என்று வேறு ஏதாவது துணை வேண்டும். வாட்ஸப்பில் வந்த ஆர்டரையோ பேரேட்டின் அச்சுப் பிரதியையோ தாக்கல் செய்தால் 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் கூட வரவேண்டும். அதன் முதல் பகுதியில் நாமும், இரண்டாவதில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். 'ஹாஷ்' என்ற குறியையும் அதில் எழுதவேண்டும். கோப்பிலுள்ளதை வைத்துக் கணக்கிட்டு எடுக்கும் குறி அது; கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் குறி வேறாகிவிடும். திருவெண்ணெய்நல்லூரில் கையெழுத்தை ஒத்துப் பார்த்தார்கள் அல்லவா, அந்த வேலையை இங்கே இது செய்கிறது.

நிஜாம் காலத்துப் பத்திரங்கள் கதை வேறு. 1884 வரை ஆட்சிமொழி பாரசீகம், பிறகு உருது. அந்த ஏடுகளை ஸ்கேன் செய்தால் கிடைப்பது வெறும் படம். பாகப்பிரிவினை வழக்கில் அது பயன்பட வேண்டுமானால், அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த முன்ஷி ஒருவரைப் பழைய நகரத்தில் தேடிப்பிடித்தாக வேண்டும்.