நரம்பு அறுபட ஐந்து விநாடி

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். மசால்வடையைக் கடிக்கிற எலிக்குக் கதவை அறைந்து சாத்தும் பலம் கிடையாது. அந்தப் பலம், ராத்திரி நாம் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டியபோதே பொறிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எலி கொக்கியை விடுவிக்கிறது, அவ்வளவுதான். சிறு செயற்கைக்கோளில் ஆன்டெனா விரிவதும் இதே ஏற்பாடுதான். எலியின் வேலையை அங்கே ஒரு சூடான கம்பி பார்க்கிறது.

1999-இல் கால் பாலி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் வகுத்த கியூப்சாட் என்னும் சிறு செயற்கைக்கோளின் அடிப்படை அளவு, பக்கத்துக்கு 10 செ.மீ. கொண்ட கனசதுரம். 145 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேச அதற்கு வேண்டிய கால் அலை ஆன்டெனாவோ 50 செ.மீ. நீளம். எனவே தச்சர்கள் வைத்திருக்கும் ஸ்டீல் டேப்பையே வெட்டி, உடம்பைச் சுற்றி மடக்கி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நூலால் கட்டிவிடுகிறார்கள். நரம்பைத் தொட்டபடி ஒரு நிக்ரோம் கம்பி. ஹீட்டருக்குள் சிவக்கும் அதே உலோகம்தான். மின்சாரம் பாய்ந்தால் நரம்பு உருகி அறும், டேப் தானாக நிமிரும்.

இந்த ஒரே ஒரு வேலைக்கு எவ்வளவு ஆற்றல் தேவை? 2 வோல்ட், ஒன்றரை ஆம்பியர், 5 விநாடி என்று வைத்தால் 15 ஜூல். கம்ப்யூட்டர் போர்டில் இருக்கும் காசு வடிவ செல்லை எடுத்துக்கொள்வோம். 3 வோல்ட், சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் 2,300 ஜூலுக்கு மேல். நூற்றைம்பது நரம்புகளை அறுக்கலாமே?

ஒன்றைக்கூட அறுக்க முடியாது. குதிர் நிறைய நெல் இருக்கிறது, ஆனால் அள்ளும் ஓட்டையில் ஒரு விரல்தான் நுழையும். அந்த செல்லின் உள்தடை அதிகம். சில பத்து மில்லி ஆம்பியர் கேட்டாலே வோல்டேஜ் சரியத் தொடங்கும். ஒன்றரை ஆம்பியர் என்பது அதனிடம் கேட்கவே கூடாத கடன். ஒருமுறை வேலைக்கு மின்மூலம் தேடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள், எவ்வளவு வேகமாகத் தரும் என்று பார்க்கமாட்டார்கள்.

லித்தியம் தயோனைல் குளோரைடு செல்லின் சிக்கல் வேறு. பத்தாண்டு அலமாரியில் கிடந்தாலும் பெரிதாகச் சத்து இழக்காது. காரணம், பாலில் ஆடை படிவதுபோல லித்தியத்தின் மேல் படியும் மெல்லிய உப்புப் படலம். ஆனால் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டால் அதே படலம் குறுக்கே நிற்கும். அது விலகும்வரை வோல்டேஜ் தாழ்ந்தே இருக்கும்.

என் ஓட்டு சூப்பர் கெபாசிட்டருக்கு. 2.7 வோல்ட், 10 ஃபாரட் கொண்ட ஒன்று விரலளவுதான். அதில் அடங்குவது 36 ஜூல். பேட்டரியோடு ஒப்பிட்டால் அற்பம். நம் கணக்குக்கோ இரு மடங்குக்கு மேல். கேட்டவுடன் அள்ளிக் கொடுக்கும், மைனஸ் 40 டிகிரி குளிரிலும் முரண்டு பிடிக்காத வகைகள் உண்டு. ராக்கெட்டில் ஏறும்போது வெறும் பாத்திரமாகப் போகலாம். விண்ணில் பிரிந்த பிறகு, எதையும் விரிப்பதற்கு முன் குறைந்தது 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கியூப்சாட் விதி. வெயில் பட்டால் அந்த நேரத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம். விரியவேண்டியது சூரியத் தகடுதான், அதுவரை மின்சாரமே வராது என்றால் மட்டும் இது உதவாது. அப்போது பேட்டரிதான் கதி.

வெடிமருந்து? பெரிய விண்கலங்களில் பல பத்தாண்டுகளாக அதற்குத்தான் ராஜ்ஜியம். கியூப்சாட்டோ பிறர் ராக்கெட்டில் ஓரமாக ஒண்டிக்கொண்டு போகும் பயணி. பக்கத்தில் விலை உயர்ந்த பெரிய செயற்கைக்கோள் இருக்கும். ஆகவே வெடிமருந்து கூடாது என்று அதன் விதிநூலே சொல்லிவந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு தீக்குச்சி பற்றுமா என்று அறிய அதை உரசித்தான் பார்க்க வேண்டும், உரசினால் குச்சி போச்சு. 2014 நவம்பர் 12-இல், பத்தாண்டுப் பயணத்துக்குப் பின் வால்நட்சத்திரத்தில் இறங்கிய ஃபிலே கலத்தை அங்கே பிடித்து நிறுத்த, வெடிமருந்தால் பாயவேண்டிய ஈட்டிகள் பாயவில்லை. கலம் துள்ளிப்போய் நிழலான இடத்தில் விழுந்தது.

நிக்ரோம் கம்பியின் பெருமை இங்கேதான். நரம்பை மாற்றி மாற்றி, பறக்கப்போகும் அதே கருவியை ஐம்பது தடவை ஒத்திகை பார்க்கலாம். ஆனால் மேசைமேல் பார்த்த ஒத்திகை போதாது. காற்றில் கம்பியின் சூட்டில் ஒரு பங்கைக் காற்று கொண்டுபோகும். வெற்றிடத்தில் அப்படிக் கொண்டுபோக ஒன்றும் இல்லை. பூமியில் செந்நிறமாக ஒளிர்ந்த கம்பி, அதே மின்னோட்டத்தில் அங்கே தானே உருகி அறுந்துவிடலாம், நரம்பு அறுவதற்கு முன்பே. வெற்றிட அறைக்குள், குளிரவைத்து, மறுபடி சோதிக்க வேண்டும்.

மின்சாரம் சரியாக வந்த பிறகும் சிக்கல் வரும். 2023 ஏப்ரலில் கிளம்பிய ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலத்தில், 16 மீட்டர் ரேடார் ஆன்டெனா ஒரு சின்ன முளை சிக்கியதால் முழுதாக நிமிரவில்லை. எஞ்சின்களை இயக்கிக் குலுக்கினார்கள், வெயிலில் காட்டிச் சூடாக்கினார்கள். கடைசியில் மே 12 அன்று, சிக்கிய பிடியிலேயே இருந்த வேறொரு விடுவிப்பானை இயக்கினார்கள். அந்த அதிர்வில் முளை சில மில்லிமீட்டர் நகர்ந்தது, ஆன்டெனா விரிந்தது.

கியூப்சாட்டில் அதற்கெல்லாம் இடமில்லை. அதனால் ஒரே நரம்பின்மேல் இரண்டு கம்பிகளை, தனித்தனிச் சுற்றில் வைக்கிறார்கள். நரம்பைத் தேர்வதும் தனி வித்தை: நைலான் நாள்பட இளகி நீளும், டைனீமா 150 டிகிரிக்குள் உருகிவிடும், ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு அதில் நிற்காது, வெக்ட்ரான் நீளாது, அறுக்க 300 டிகிரிக்கு மேல் வேண்டும். எதைக் கட்டினாலும் முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பசை வைத்துத்தான் பெட்டியை மூடுகிறார்கள்.