பெரிய ரயர் பூட்டுமுன் பற்களை எண்ணுவோம்

இடம்பெயர்வு எமது மக்களின் வீடுகளையும் காணிகளையும் பறித்ததோடு நிற்கவில்லை. வீட்டுக்கும் வயலுக்கும் இடையில் பெருந்தூரத்தையும் உண்டாக்கிவிட்டது. முன்னர் கோடியைத் தாண்டினால் வயல் என்று இருந்தவர்கள், உறவினர் வளவிலோ குடியேற்றத் திட்டத்திலோ இருந்துகொண்டு பல மைல் தள்ளிப் பயிர் செய்ய வேண்டியவர்களானார்கள். விதைநெல்லும் பசளையும் கொண்டுபோக, அறுத்த நெல்லை மழைக்கு முன் வெளியே எடுக்க, இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குச் சேர்க்க ஒரு வாகனம் தேவைப்படுகின்றது. ஆகவே, சில குடும்பங்கள் கூடிப் பணம் போட்டு, நான்கு சில்லும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை வாங்குவது நல்ல முயற்சியே.

வாங்கியதும் எழுகின்ற முதல் ஆசை, அதை உயர்த்திப் பெரிய ரயர் பூட்ட வேண்டும் என்பதாகும். மாரியில் வண்டிப்பாதை சேறாகி, ஜீப்பின் அடி மண்ணில் முட்டும்போது இந்த ஆசை எவருக்கும் வரும். அது நியாயமான ஆசை. ஆனால், ரயரும் அச்சுக்குள் இருக்கும் பற்சில்லுகளும் சேர்ந்தே வேலை செய்கின்றன. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், உயரத்தை வாங்கி இழுவையை விற்றவர்களாவோம். பலரது சேமிப்பு ஒன்றுசேர்ந்த வாகனத்தில் இப்படியொரு வியாபாரம் நடக்கக்கூடாது. எனவே, இதன் கணக்கை நாம் சற்று விளங்கிக்கொள்வோம்.

அச்சுக்குள் நடப்பது என்ன?

ஜீப்பின் அச்சு நடுவில் பூசணிக்காய் போல் உருண்டிருக்கும் பகுதியை டிபரன்சியல் என்கிறோம். என்ஜினிலிருந்து கியர் பெட்டி வழியாக வரும் நீண்ட ஷாப்டின் நுனியில் பினியன் என்ற சிறிய பற்சில்லு உண்டு. அது கிறவுண் வீல் என்ற பெரிய பற்சில்லைச் சுற்றுகின்றது. கிறவுண் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் பிரித்தால் வருவதே அச்சு விகிதம். பெரியதில் 39, சிறியதில் 8 பற்கள் என்றால் விகிதம் 4.88. அதாவது ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து தடவை சுற்றினால்தான் சில்லு ஒரு தடவை சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் வேகம் கூடும், இழுவை குறையும்.

இது எவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஜீப்பின் வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, வில்லிஸ் கம்பனி அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்த ஜீப்பின் அச்சு விகிதம் 4.88 ஆக இருந்தது. 1945இல் அதே கம்பனி விவசாயிகளை நினைத்து சி.ஜே. 2ஏ என்ற ஜீப்பை விற்பனைக்கு விட்டது. என்ஜின் ஏறக்குறைய பழையதே. ரயரின் அளவும் அதே 6.00-16. ஆனால், அச்சு விகிதத்தை 5.38 ஆக, அதாவது 43க்கு 8 பற்களாக உயர்த்தினார்கள். கலப்பை இழுக்கும் வண்டிக்கு வேகத்திலும் பார்க்க இழுவையே தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இராணுவ வாகனத்தை வயலுக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் தொட்ட முக்கியமான இடங்களில் ஒன்று இந்தப் பற்கள்தான்.

ரயர் பெருத்தால் என்ன இழக்கிறோம்?

28 அங்குல விட்டமுள்ள ரயர் ஓடிய ஜீப்பில் 32 அங்குல ரயரைப் பூட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4.88. இனி அது எப்படி வேலை செய்யும் என்பதை அறிய, பழைய விட்டத்தைப் புதிய விட்டத்தால் பிரித்து விகிதத்தால் பெருக்க வேண்டும். 28ஐ 32ஆல் பிரித்தால் எட்டில் ஏழு. 4.88இல் எட்டில் ஏழு 4.27. பற்கள் மாறாவிட்டாலும் ஜீப் 4.27 விகிதமுள்ள வண்டிபோல் நடந்துகொள்ளும். எட்டுப்பேர் கயிறு பிடித்து இழுக்கும் இடத்தில் ஒருவர் கையை விட்டதற்கு இது சமன். மூட்டைகளோடு குளக்கட்டில் ஏறும்போது அந்த ஒருவர் இல்லாத குறை தெரியும். சாரதி கிளச்சை அரைகுறையாக மிதித்துச் சமாளிப்பார். சில மாதங்களில் கிளச் எரிந்துபோகும்.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். அது 60 கிலோமீற்றர் என்று காட்டும்போது வண்டி உண்மையில் 68க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

இழந்ததை மீட்க எந்த விகிதம் வேண்டும்? கணக்கைத் திருப்பிப் போடுவோம். புதிய விட்டத்தைப் பழைய விட்டத்தால் பிரித்து, பழைய விகிதத்தால் பெருக்க வேண்டும். 4.88க்கு இது 5.58 என்று வரும். ஆனால், பற்சில்லுகள் நாம் நினைத்த எண்ணில் எல்லாம் கிடைப்பதில்லை. கிட்டிய 5.38ஐப் போட்டாலும் 32 அங்குல ரயரோடு அது பழைய 4.71க்கே சமன். முன்பிருந்த 4.88 முழுதாகத் திரும்பவில்லை. இவ்வளவு செலவு செய்தும் பழைய நிலைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறோம் என்பதைக் கூட்டத்தில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

விகிதத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதும் நல்லதல்ல. 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு நிமிடத்தில் 1000 மீற்றர் ஓடுகின்றது. 28 அங்குலச் சில்லு அதற்கு ஏறக்குறைய 448 தடவை சுற்ற வேண்டும். விகிதம் 4.88 என்றால், என்ஜினும் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் கியரில் என்ஜின் சுமார் 2200 தடவை சுற்றும். அதே ரயரோடு 5.38ஐப் போட்டால் அது 2400ஐத் தாண்டும். நகரத்துச் சந்தைக்கு நீண்டதூரம் ஓடும் வண்டியில் இதனால் எரிபொருளும் என்ஜினின் ஆயுளும் வீணாகும். ஆகவே, வண்டி அதிகம் ஓடுவது வயற்பாதையிலா தார் வீதியிலா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

எமது ஜீப்பின் விகிதத்தை அறிவது எப்படி?

விற்பவரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. சமதரையில் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்சில்லு ஒன்றை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கி வையுங்கள். என்ஜினை நிறுத்தி, கியரை நியூட்ரலில் விடுங்கள். சில்லிலும் ஷாப்டிலும் சோக்கட்டியால் அடையாளம் இடுங்கள். உயர்த்திய சில்லை ஒருவர் 20 தடவை சுற்ற, ஷாப்ட் எத்தனை தடவை சுற்றுகிறது என்று மற்றவர் எண்ணட்டும். ஒரு சில்லு மட்டும் சுற்றும்போது கிறவுண் வீல் அதன் பாதியளவே சுற்றும். ஆகவே, ஷாப்டின் எண்ணிக்கையை 10ஆல் பிரியுங்கள். 49க்குச் சற்றுக் குறைவாக வந்தால் விகிதம் 4.88. 47 வந்தால் 4.7. முன் அச்சையும் இவ்வாறே சோதியுங்கள். முன் சில்லுகளில் பூட்டு இருந்தால் அதை இணைத்துவிட்டு எண்ண வேண்டும்.

ரயரின் அளவையும் இவ்வாறே அறியலாம். ரயரில் ஓர் அடையாளம் இட்டு, வண்டியை ஒரு முழுச்சுற்று தள்ளி, நிலத்தில் ஓடிய தூரத்தை அளந்து 3.14ஆல் பிரியுங்கள். பாரத்தோடு ரயர் உண்மையில் எந்த விட்டத்தில் ஓடுகிறது என்பது தெரியும்.

பழைய உதிரிப்பாகம் வாங்குவோர் கவனத்துக்கு

தோற்றத்தில் ஒன்றுபோல் இருப்பவை உள்ளே ஒன்றல்ல. பழைய லான்ட் றோவர் சீரிஸ் வண்டிகளின் விகிதம் 4.7. 1970இல் வந்த றேஞ்ச் றோவரிலும் 1983இல் வந்த ஒன் டென் வண்டியிலும் அது 3.54. மலிவாகக் கிடைத்தது என்று இதைப் பழைய வண்டிக்குள் வைத்தால் இழுவையில் நாலில் ஒரு பங்கு போய்விடும். பெரிய ரயரும் சேர்ந்தால் வண்டி சேற்றில் எழும்பாது.

முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். நான்கு ரயர்களும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இத்தகைய பழைய ஜீப்புகளில் நான்கு சில்லு இழுவையைப் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டப்படும். விகிதம் வேறுபட்டால் ஒன்று மற்றதை முறுக்கி, எங்கோ ஓரிடத்தில் பல்லோ ஷாப்டோ முறியும். எனவே, ஒரு அச்சுக்கான பணம் மட்டும் கையில் இருந்தால் வேலையைத் தொடங்க வேண்டாம். நான்கு சில்லும் இழுக்கும் உழவு இயந்திரத்துக்கும் இது பொருந்தும். அதன் முன், பின் ரயர்கள் அளவில் வேறுபட்டாலும், அந்த வேறுபாட்டுக்கு ஏற்பவே உள்ளே பற்கள் வைக்கப்பட்டுள்ளன. ரயர் மாற்றும்போது கையேட்டில் சொன்ன அளவையே வாங்க வேண்டும்.

கிறவுண் வீலும் பினியனும் சோடியாகவே செய்யப்படுகின்றன. ஒன்றைப் பழையதிலும் மற்றதைப் புதியதிலும் எடுத்துச் சேர்க்கக்கூடாது. பற்களுக்கு இடையிலான இடைவெளியை அளந்து, பல்லில் மை பூசிப் பதிவு பார்த்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள். கையேட்டில் உள்ள கியர் எண்ணெயையே விட வேண்டும். முதல் சில நூறு கிலோமீற்றர்களுக்குப் பாரம் ஏற்றாமல் மெதுவாக ஓடி, பின்னர் எண்ணெயை மாற்றுவது நல்லது.

உயர்த்துவதன் பலனும் ஆபத்தும்

ஸ்பிறிங் பட்டைகளை உயர்த்தினால் உடல் உயரும். டிபரன்சியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது ரயர் மட்டுமே. அதுவும் 4 அங்குலம் பெரிய ரயர் 2 அங்குலமே உயர்த்தும். இந்த 2 அங்குலத்துக்காக நாம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். பாரம் மேலே போவதால் வரம்பிலும் கட்டின் சரிவிலும் வண்டி கவிழும் ஆபத்து கூடுகின்றது. ஷாப்டின் மூட்டுகள் சாய்ந்து வேலை செய்து விரைவில் தேய்கின்றன. பிறேக் குழாய்கள் இழுபடுகின்றன. பெரிய சில்லை நிறுத்தப் பழைய பிறேக் கூடுதலாகப் பாடுபட வேண்டும். வாய்க்காலில் இறங்கி நனைந்த பிறேக் இன்னும் பிடிக்காது. பிள்ளைகளும் முதியோரும் ஏறும் வாகனம் என்பதை மறக்கலாகாது. இவ்வாறான மாற்றங்களுக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

எனவே, செலவு குறைந்த வழிகளை முதலில் பார்ப்போம். பல ஜீப்புகளில் தாழ் வரிசைக் கியர் என்ற இரண்டாவது கைபிடி உண்டு. சேற்றில் இறங்குமுன் அதைப் போட்டால், வில்லிஸ் இராணுவ ஜீப்பில்கூட இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது எந்தச் செலவுமின்றி ஏற்கெனவே எம்மிடம் இருப்பது. தேய்ந்த ரயருக்குப் பதிலாக, அதே அளவில் ஆழமான கட்டைகளுள்ள ரயர் பூட்டலாம். மணலில் காற்றைக் குறைத்து ஓடி, வீதிக்கு வந்ததும் மீண்டும் நிரப்பலாம். பாதையின் இரண்டு மோசமான பள்ளங்களுக்குச் சிரமதானத்தில் கிறவல் போடலாம். இவற்றுக்குப் பின்னும் அடி முட்டுகிறது என்றால், ஒரு படி பெரிய ரயரோடு நிறுத்தி, அதற்கேற்ற விகிதத்தைக் கணக்கிட்டு, இரண்டு அச்சுகளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குவதே முறையாகும்.

அடுத்த கூட்டத்தில் ரயர் பற்றிய பேச்சு எழும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இப்போதைய விகிதம் என்ன? புதிய ரயரோடு அது எவ்வளவாகும்? இரண்டு அச்சுகளுக்கும் பற்சில்லுச் சோடிகள் கிடைக்குமா? பிறேக்குக்கும் பணம் இருக்கிறதா? நான்குக்கும் விடை எழுதிய தாளை எல்லோரும் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். அறுவடைக் காலத்தில் கராஜில் நிற்கும் உயரமான ஜீப்பைவிட, நெல் மூட்டைகளோடு மெதுவாக வீடு வந்து சேரும் பழைய ஜீப்பே எமக்குத் தேவை.