உங்களுக்குத் தெரியுமா? லேசர் டேக் துப்பாக்கி சுடுவது லேசரை அல்ல!

லேசர் டேக் என்பது ஒருவரையொருவர் ஒளியால் ‘சுட்டு’ ஆடும் விளையாட்டு. ஆனால் பெரும்பாலான லேசர் டேக் துப்பாக்கிகளில் எதிராளியை ‘வீழ்த்துவது’ லேசர் ஒளியே அல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். டிவி ரிமோட்டின் முனையில் இருக்கிறதே ஒரு குட்டி எல்.இ.டி., அதன் உடன்பிறப்புதான் இதற்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

• துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு குவிலென்ஸ் உண்டு. விரிந்து பரவும் கதிரை ஒடுக்கிக் கற்றையாக்குவது அதுதான்.

• விசையை அழுத்தினால் ஒளி விநாடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும். 38,000 முறை என்பது பரவலான கணக்கு. விட்டுவிட்டு வரும் அந்தத் துடிப்பில் ‘சுட்டது யார், எந்த அணி’ என்ற தகவல் ஒளிந்திருக்கும்.

• ஆடுபவர் அணியும் மார்புக் கவசத்தில் உள்ள உணரி அந்தத் துடிப்பை மட்டும் பொறுக்கி எடுக்கும். அறை விளக்கைக் கண்டுகொள்ளாது. ஆனால் வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். அதனால் உச்சிப்பொழுதில் திறந்தவெளியில் ஆடினால் சுடும் தூரம் குறையும்.

• புகைமூட்டத்தில் சீறிப் பாயும் வண்ணக்கோடு? சில துப்பாக்கிகளில் அதற்கென்றே தனி லேசர் உண்டு. அது வெறும் கண்காட்சிக்கு!

• அசல் லேசரால் சுட்டுக்கொள்வது ராணுவ வீரர்கள். அமெரிக்க ராணுவத்தின் ‘மைல்ஸ்’ பயிற்சிக் கருவி, வெற்றுத் தோட்டா வெடித்ததும் லேசர் துடிப்பை அனுப்பும்.

• முதல் லேசர் டேக் அரங்கமான ‘ஃபோட்டான்’ திறக்கப்பட்டது 1984-இல், அமெரிக்காவின் டாலஸ் நகரில்.

செய்து பாருங்கள்: செல்போனின் செல்ஃபி கேமராவை ரிமோட் முனைக்கு நேரே பிடித்து, பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலும் திரையில் ஊதா நிறப் புள்ளி ஒன்று மினுங்கும். அதுதான் அந்த அகச்சிவப்பு!