வேலை போனாலும் வீடு நிற்கும்

ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்கு ஒரு குடியிருப்பு உண்டு. ஆலை கட்டித்தரும் வீட்டில், வேலை இருக்கும்வரைதான் குடியிருக்கலாம். கூட்டுறவு வீடு அப்படியல்ல. அது உறுப்பினரின் சொந்தம்.

1844-இல் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரத் தொழிலாளர்கள் கூட்டுறவுக் கடை தொடங்கியபோதே, உறுப்பினர்களுக்கு வீடு கட்டுவதையும் நோக்கமாக எழுதிவைத்தார்கள்.

நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் பீடி சுற்றும் பெண்கள் கூட்டுறவு வீட்டைச் சாதித்துக் காட்டினார்கள். சங்கமாகத் திரண்டு, வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். மத்திய அரசும் மாநில அரசும் பணம் தர, தங்கள் பங்கையும் போட்டார்கள். கும்பாரி கிராமத்தருகே எழுந்தன 10,000 வீடுகள். கோதுதாய் பருலேகர் பெயர்கொண்ட அந்தக் குடியிருப்பு 2006-இல் திறக்கப்பட்டது.

இலையும் தூளும் பரப்பி பீடி சுற்ற, இன்று அவர்களுக்குச் சொந்தத் திண்ணை இருக்கிறது.