இருவருக்கும் ஒரே தட்டு மீன்

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நாளில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டாக்டர், இனி மீனே சாப்பிடக்கூடாதா?”

சாப்பிடலாம், சாப்பிடுவது நல்லதும்கூட. வாரத்துக்கு இரு வேளை மீன் உண்ணுமாறு அமெரிக்க இதயச் சங்கம் பரிந்துரைக்கிறது. மத்தி, அயிலை போன்ற மீன்களில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் இதயத்துக்கு நன்மை தருபவை. விலக்க வேண்டியவை, மீனைப் பொரிக்கும் எண்ணெயும், குழம்பில் அளவின்றிச் சேரும் உப்பும், கருவாடும்தான்.

ஆயினும் பல வீடுகளில் நடப்பது வேறு. நோயாளிக்கு உப்பும் உறைப்பும் அற்ற தனிச் சமையல். மற்றவருக்கு வழக்கமான சமையல். சில வாரங்களிலேயே உண்பவருக்குப் பத்தியம் சலித்துவிடுகிறது, சமைப்பவர் களைத்துவிடுகிறார். கவனித்துக்கொள்ளும் கணவருக்கோ மனைவிக்கோ பெரும்பாலும் அதே வயது. அவருக்கும் ரத்த அழுத்தமோ நீரிழிவோ இருக்கக்கூடும். எனவே இருவருக்கும் ஒரே உணவு என்பதே நான் கூறும் ஆலோசனை. ஓ.டி.ஜி. என்று கடைகளில் கிடைக்கும் சிறிய மின் அடுப்பு இதற்கு ஏற்றது. அதன் தட்டில் இருவருக்கான மீன் சரியாக அடங்கும். அருகில் நின்று கிளறவும் வேண்டியதில்லை.

செய்முறை

சுமார் 2 செ.மீ. கனமுள்ள வஞ்சிர மீன் துண்டுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இஞ்சி பூண்டு விழுது, மிளகுத்தூள், சீரகத்தூள், மஞ்சள்தூள், சிறிது மிளகாய்த்தூள், அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு தேக்கரண்டி எண்ணெய் ஆகியவற்றைக் குழைத்துப் பூசி, 15 நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு இருவருக்கும் சேர்த்துக் கால் தேக்கரண்டி போதும். புளிப்பும் மிளகும் இருந்தால் உப்பின் குறை நாவுக்கு அவ்வளவாகத் தெரியாது.

அடுப்பை 200 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் முன்கூட்டியே சூடாக்குங்கள். தட்டில் தக்காளி வட்டங்களையும் நறுக்கிய சின்ன வெங்காயத்தையும் பரப்பி, அவற்றின்மீது மீனை வைத்து 12 முதல் 15 நிமிடம் வேகவிடுங்கள். சதை பளபளப்பு நீங்கி வெண்மையாகி, முள்ளிலிருந்து எளிதில் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். முழு அயிலை என்றால் இருபுறமும் கீறிவிட்டு 20 நிமிடம் வைக்கலாம். தணலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்தும் வேகவைக்கலாம். அதற்கு இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாகும். இலை, சூடேறும் கம்பியைத் தொடாதிருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ஒருவர் ஒரு நாளில் உண்ணும் மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கடையில் வாங்கும் மீன் மசாலாப் பொடிகள் பலவற்றில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும். உறையைப் படித்துப் பாருங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சிறுநீரக நோயாளிகளும், ரத்த அழுத்தத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தலாகாது.

மத்தி, அயிலை, சூரை ஆகியவற்றை வாங்கியவுடன் குளிரில் வையுங்கள். வெப்பத்தில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் பெருகி ஒவ்வாமை போன்ற தொல்லை தரும். சமைத்தாலும் அது அழியாது. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்கள் மத்தியையும் நெத்திலியையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு எந்த வகை மீனை, எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே கொடுங்கள். முள் ஒன்றுகூட இருக்கலாகாது.

நீரிழிவால் கைகளில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு உடனே உறைக்காது. தட்டை எடுக்கும் பொறுப்பை மற்றவர் ஏற்கட்டும். அவரும் கையுறை அணிந்தே எடுக்கட்டும்.

வாரத்தில் இரண்டு நாட்களைக் குறித்து வைத்துத் தொடங்குங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவரும் உடன் வருவது நல்லது. உணவைப் பற்றி இருவரிடமும் சேர்ந்தே பேச வேண்டியிருக்கிறது.