தெர்மாகோல் சுவரும் தொழிலாளியின் மூச்சும்

கட்டுமானத் தளத்தில் தெர்மாகோல் பலகையை அறுப்பது எளிய வேலையாகவே கருதப்படுகிறது. பலகைக்கு எடை இல்லை. சூடேறிய கம்பி அதனூடே ஓசையின்றி இறங்குகிறது. ரம்பத்தால் அறுக்கும்போது பறக்கும் வெண்மணிகளும் இல்லை. ஆகவே, திறன் வேண்டாத, ஆபத்தில்லாத வேலையென்று சித்தாளிடமோ பெரியாளிடமோ அது ஒப்படைக்கப்படுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அறிய, அந்தக் கம்பியைச் சுற்றி நிகழ்வதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

நாம் தெர்மாகோல் என்றழைப்பது ஊதிப் பெருக்கப்பட்ட பாலிஸ்டைரீன். அதன் கொள்ளளவில் ஏறத்தாழ 98 விழுக்காடு காற்றே. கான்கிரீட் கூரைமேல் வெப்பத்தைத் தடுக்கும் அடுக்காக அது பயன்படுகிறது. அதையே நடுப்பகுதியாகக் கொண்ட சுவர்ப்பலகைகளும் உண்டு. அவற்றின் இருபுறமும் கம்பிவலை பொருத்தி, அதன்மீது கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்துச் சுவராக்குகிறார்கள். விரைவில் வீடு கட்ட உதவும் புதிய தொழில்நுட்பங்களுள் ஒன்றாக இம்முறையை ஒன்றிய அரசின் பி.எம்.டி.பி.சி. நிறுவனமும் பட்டியலிட்டுள்ளது.

தனிப்பலகையை வெட்ட, நிக்கல்-குரோமியக் கலவையாலான நிக்ரோம் கம்பியில் தாழ்மின்னழுத்த மின்சாரம் செலுத்தப்படுகிறது. வலை பொருத்திய சுவர்ப்பலகையில் கத்தி நுழையாது. எனவே மின்குழாய், தண்ணீர்க்குழாய் செல்லும் தடத்தை ஹீட் கன் எனப்படும் சுடுகாற்றுக் கருவியால் உருக்கி எடுக்கிறார்கள். சில இடங்களில் தீச்சுடரையே காட்டுகிறார்கள். அதன்பின் கான்கிரீட் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். அதற்குச் சற்று மேற்பட்ட வெப்பமே வெட்டுவதற்குப் போதும். வெப்பம் மிக உயரும்போது, இளகுவதோடு நில்லாமல் அப்பொருள் சிதையத் தொடங்குகிறது. அப்போது ஸ்டைரீன் ஆவி வெளிப்படுகிறது. அது கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். தலைவலியும் தலைச்சுற்றலும் தரும். உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஸ்டைரீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சாத்தியம் மிகுந்த பொருளென்று 2018இல் வகைப்படுத்தியது. வேலையை விரைந்து முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில்தான் கம்பியின் சூடு கூட்டப்படுகிறது. கம்பி சிவந்து ஒளிர்ந்தாலோ வெட்டுமிடத்தில் புகை எழுந்தாலோ வெப்பம் வரம்பு மீறிவிட்டது என்று பொருள்.

எரிந்தாலும் தானே அணைந்துவிடும் வகைப் பலகைகளில் எச்.பி.சி.டி. என்ற புரோமின் சேர்மம் நெடுங்காலம் கலக்கப்பட்டது. இயற்கையில் எளிதில் சிதையாத நச்சுப்பொருட்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் 2013இல் அது சேர்க்கப்பட்டது. இந்தியா 2018ஆம் ஆண்டு விதிகளின்மூலம் அதைத் தடைசெய்தது. பழைய கட்டடங்களை இடிப்போரின் கைகளுக்கு அது இன்னமும் வந்துசேரக்கூடும். பாலியூரித்தேன் பலகையோ பாலிஸ்டைரீனைப் போல உருகுவதில்லை. கருகி, ஐசோசயனேட், ஹைட்ரஜன் சயனைடு போன்ற கொடிய வாயுக்களை வெளிவிடும். அதைச் சூட்டால் வெட்டவே கூடாது. ஆனால் பலகை எந்த வகையைச் சேர்ந்தது என்பது, அதை வெட்டும் தொழிலாளிக்கு எத்தனை தளங்களில் சொல்லப்படுகிறது?

இங்கேதான் இது சாதியின் கேள்வியாகிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே படிநிலையில் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். கட்டுமானத்தில் நிலமற்ற தலித் குடும்பங்களும் புலம்பெயர்ந்த பழங்குடித் தொழிலாளரும் பெருமளவில் அடிநிலை வேலைகளிலேயே நிறுத்தப்படுகின்றனர். மலக்குழியின் நச்சுவாயு நொடியில் கொல்வதால் செய்தியாகிறது. தெர்மாகோல் புகையின் தீங்கு ஆண்டுகள் கடந்து தெரியவரலாம். அதற்குள் ஒப்பந்ததாரரும் தளமும் பலமுறை மாறியிருப்பர். நோயையும் வேலையையும் இணைத்துக் காட்ட ஒரு தாள்கூட மிஞ்சாது.

தடுக்கும் வழிகள் அரியவை அல்ல. அளவுகளை முன்கூட்டியே கொடுத்து, புகைபோக்கி வசதியுள்ள ஆலையிலேயே பலகைகளை வெட்டி வாங்கலாம். தளத்தில் வெட்டுவதானால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவியும் காற்றோட்டமான இடமும் வேண்டும். துணி முகக்கவசமும் தூசி முகக்கவசமும் ஆவியைத் தடுக்கா. கரியமிலா ஆவிகளுக்கல்ல, கரிம ஆவிகளுக்கென அமைந்த வடிகட்டி பொருத்திய கவசமே பயன்தரும். புதிதாக வார்த்த பலகைகளில் எளிதில் தீப்பற்றும் பென்டேன் வாயு எஞ்சியிருக்கும். ஆகவே தீயணைப்பானும் அருகில் இருக்க வேண்டும்.

தன் பணியிடப் பாதுகாப்பு குறித்த தகவலை வேலையளிப்பவரிடம் கேட்டுப் பெறும் உரிமையை, 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு தொழிலாளிக்கு வழங்குகிறது. ஆனால் கட்டுமானப் பணியில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேலையளிப்பவரைக் கட்டாயப்படுத்துவதற்கு அதே சட்டம் வைத்துள்ள வரம்பு 250 தொழிலாளர். பத்துப் பேரும் இருபது பேருமாக வேலை நடக்கும் தளங்கள் அதற்கு வெளியே நிற்கின்றன. அங்கே கேள்வி கேட்கும் தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்காது. எனவே அக்கேள்வியைச் சங்கங்களும் மாணவர்களும் உடன் நின்று எழுப்ப வேண்டும்: இந்தப் பலகை எதனால் ஆனது? கம்பியின் சூடு எவ்வளவு? இந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார்?